அக்சென்ட் ஒலிகளை எங்கே தேடுவது? கொழும்பில் எலக்ட்ரோனிக் இசை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்சென்ட் ஒலி என்று எதைச் சொல்கிறோம்?

கிக், ஸ்னேர், ஹைஹெட், பேஸ் எல்லாம் போட்டு லூப் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் நான்கு பாருக்கு (பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு சுற்று) ஒருமுறையோ எட்டு பாருக்கு ஒருமுறையோ சட்டென்று வந்து மறைகிற சின்ன ஒலிதான் அது. ஒரு உலோகத் தட்டு, ஒரு மணி, தலைகீழாக ஓடும் ஒரு மூச்சு, எதுவாகவும் இருக்கலாம். எடுத்துவிட்டாலும் பாட்டு விழாது. ஆனால் உயிர் குறைந்துவிடும். கச்சேரியில் மிருதங்கம் ஓடும்போது மோர்சிங்கோ கஞ்சிராவோ இடையில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு ஒதுங்குகிறதே, அதே வேலை.

பழைய மெஷின்களில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினில் அக்சென்ட் என்பது அந்த ஸ்டெப்பில் (ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்ததில் ஒரு கட்டம்) ஒலிக்கும் எல்லாவற்றையும் உரக்கச் செய்கிற ஒரு வரிசை. டிபி-303 பேஸ் சிந்தசைசரில் அது ஒலியளவோடு ஃபில்டரையும் சேர்த்துத் திறக்கும். ஆகவே புதிய ஒலி தேடிப் புறப்படுமுன், இருக்கிற ஹைஹெட்டில் ஒரே ஒரு அடியின் வெலோசிட்டியை, அதாவது பலத்தை, 70இலிருந்து 115க்கு ஏற்றிப் பாருங்கள். பாதி இடங்களில் தேடல் அத்தோடு முடிந்துவிடும்.

லூப் ஓடுகிறது, ஆனால் எந்த ஒலி போடுவது என்று எதுவுமே தோன்றவில்லை. எங்கே தொடங்குவது?

சாம்பிள் ஃபோல்டரைத் திறக்காமல் தொடங்குங்கள். முதலில் இடம் தெரியவேண்டும், அதற்குப் பிறகுதான் ஒலி. ஆயிரம் சாம்பிள்களைக் கேட்டுவிட்டு எதுவும் பிடிக்காமல் எழும்புகிறவர்களுக்கு எங்கே வைக்கப்போகிறோம் என்பதே தெரிந்திருக்காது. அதனால் எந்த ஒலியும் சரியாகவும் படாது, பிழையாகவும் படாது.

எட்டு பாரை ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, போனில் உங்கள் வாயைப் பதிவுசெய்யுங்கள். கொன்னக்கோல் (வாயால் தாளச் சொற்கட்டுச் சொல்லும் கலை) தெரியவேண்டியதில்லை. கை தாளம் போட, வாய்க்கு வருகிற சத்தத்தை அதன்பாட்டில் விடுங்கள்: டிக், தோம், ஷ்ஷ், தகிட, என்னவும். மூன்று முறை செய்யுங்கள், முந்தியதைக் கேட்காமல். பிறகு மூன்றையும் லூப்புக்குக் கீழே அடுக்கிப் பார்த்தால், இரண்டு முறையாவது வாய் ஒரே இடத்தில் விழுந்திருக்கும். அந்த இடம்தான் பாட்டு கேட்கிற இடம்.

எந்தச் சத்தம் வந்தது என்பதும் முக்கியம். ‘டிக்’ என்றால் கூர்மையான தொடக்கம், 50 மில்லிசெக்கனுக்குள் முடிவு. ‘தோம்’ என்றால் உடம்புள்ள ஒலி, சுருதி கீழே இறங்கவேண்டும். ‘ஷ்ஷ்’ என்றால் சுருதியே வேண்டாம், காற்றுமாதிரி இரைச்சல் போதும். இனி வெளியே போகும்போது கையில் ஒரு சீட்டு இருக்கிறது: இன்றைக்கு ஒரு ‘தோம்’ வேண்டும். அப்படிப் போகிற காதுக்குக் கொழும்பு வேறு ஊராகக் கேட்கும்.

கொழும்பில் எங்கே போய்க் காது கொடுக்கலாம்?

‘தோம்’ வேண்டுமானால் பஞ்சிகாவத்தை. பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளில் பிரேக் டிரம், கியர் சக்கரம், பெரிய சுருள் ஸ்பிரிங் எல்லாம் கிடக்கும். பிரேக் டிரத்தைத் தரையில் வைத்துத் தட்டினால் ‘டக்’ என்று செத்துவிடும். தரை அதிர்வை விழுங்கிவிடுகிறது. போல்ட் துவாரத்தில் கயிற்றைக் கோத்துத் தூக்கிப் பிடித்துத் தட்டினால் மணிமாதிரி நீளும். மரக்கட்டையால் ஒருமுறை, இரும்பால் ஒருமுறை, தட்டியவுடன் உள்ளங்கையால் அணைத்து ஒருமுறை. ஒரே டிரத்தில் மூன்று ஒலி கிடைத்துவிட்டது. வாங்கத் தேவையில்லை, கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் தட்டிப் பார்க்க விடுவார். நெரிசல் நேரத்தில் கேட்காதீர்கள்.

புறக்கோட்டையில் சந்தை இரைச்சலை மொத்தமாகப் பதிந்து கொண்டுவருவதால் பயனில்லை. தனித்தனியாகத் தேடவேண்டும். கடை பூட்டும் நேரத்து இரும்பு ஷட்டர் அப்படி ஒன்று: கரகரவென்று இறங்கி நிலத்தில் மோதுகிறது. பாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு வேண்டிய இறக்கமும் மோதலும் ஒரே ஒலியில் தயாராக இருக்கின்றன. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) ஒரு பார் சரியாக 2 செக்கன். ஷட்டர் இறங்க 3 செக்கன் எடுத்தால், அதை 2 செக்கனுக்குச் சுருக்கி, மோதல் மட்டும் அடுத்த பாரின் முதல் அடியில் விழும்படி வையுங்கள். நாட்டாமிமார் இழுக்கும் கைவண்டியின் சக்கரம் கல்லில் ஏறும் ‘டடக்’, செட்டியார் தெருவில் நகைப் பட்டறைச் சுத்தியலின் சின்ன ‘டிக்’, இரண்டும் அங்கேயே கிடைக்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கரையோர ரயில். தண்டவாள மூட்டில் சக்கரம் ஏறும் ‘தடக்-தடக்’ எல்லோருக்கும் தெரிந்தது. ஹோர்னைக் கவனியுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் ரயில் உங்களைக் கடக்கும்போது, நம் ஊர் வெயிலில், ஹோர்னின் சுருதி ஏறக்குறைய ஒரு செமிடோன் (அரைச் சுரம்) இறங்கும். பிட்ச் பெண்ட் எதுவும் போடாமல் இயற்கையே செய்து தருகிற சறுக்கல் அது. தண்டவாளத்துக்குள் இறங்கவேண்டாம், மரைன் டிரைவ் நடைபாதையே போதிய கிட்டம். பாரிஸில் பியேர் ஷேஃபர் 1948இல் ரயில் ஒலிகளைப் பதிந்து கோத்து இசை செய்த நாளிலிருந்து ரயில் இந்தத் துறையின் மூத்த வாத்தியம்.

‘ஷ்ஷ்’ வேண்டுமானால் காலிமுகத்திடல் அலை. ஆனால் அங்கே காற்று மைக்கைக் கொன்றுவிடும். இதைக் கீழே பார்ப்போம்.

கொத்து ரொட்டிச் சத்தத்தை எல்லோரும் எடுத்துவிட்டார்களே, அதில் இன்னும் என்ன இருக்கிறது?

எல்லோரும் எடுப்பது அதன் தாளத்தை. அதை அப்படியே போட்டால் பாட்டுக்குள் ஒரு கொத்துக் கடை வந்து உட்கார்ந்துவிடும். கேட்பவர் உங்கள் பாட்டை மறந்து சாப்பாட்டை நினைப்பார். தாளத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு அடியை எடுங்கள்.

கிட்டத்தில் நின்று கேட்டால் அங்கே குறைந்தது நான்கு ஒலி இருக்கிறது. ரொட்டியும் மரக்கறியும் குவிந்திருக்கும்போது தகடு விழுவது மந்தமான ‘தப்’. கொத்தக் கொத்த, தகடு கல்லையே தொடும்போது ‘டங்’. ஓரத்துக்கு வழித்துத் தள்ளும்போது நீளமாக ‘ஸ்ர்ர்ரிங்’. கடைசியில் தகடுகளில் ஒட்டியதை உதறுவதற்கு ஒன்றோடொன்று தட்டும் ‘டிங்’. இந்த நாலாவதுதான் பொன். அதில் எண்ணெயும் இல்லை, ரொட்டியும் இல்லை, வெறும் உலோகம்.

புகைபோக்கி விசிறிக்கு எதிர்ப்பக்கம், கல்லிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, ஆவி படாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு மூன்று தட்டுக் கொத்து முடியும்வரை பதியுங்கள். வீட்டுக்கு வந்து அந்த ‘டிங்’கை மட்டும் வெட்டி 12 செமிடோன் கீழே இறக்கினால் சேமக்கலம்போல் கனக்கும். ‘ஸ்ர்ர்ரிங்’கைத் தலைகீழாக்கினால் அடுத்த அடிக்கு இழுத்துச் செல்கிற ஏற்றம் கிடைக்கும். வாத்தியம் என்னவென்று கேட்பவருக்குத் தெரியாது. ஆனாலும் இந்த ஊர்க் காதுக்கு எங்கோ தெரிந்த ஒலியாகவே படும்.

வெளியே போக வழியில்லை. வீட்டுக்குள்ளே என்ன செய்யலாம்?

குசினி போதும். இடியப்ப மா அரிக்கும் அரிதட்டைக் கையால் தட்டி அரித்தால் அருமையான ஷேக்கர். மா கொஞ்சம் இருந்தால் மென்மையாகவும், குருணல் மட்டும் மிஞ்சியபோது கூர்மையாகவும் கேட்கும். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கரண்டியால் தட்டுங்கள், சுருதி இறங்கிக்கொண்டே போகும். கடுகு வெடிப்பதை 15 செக்கன் பதிந்து, ஒவ்வொரு வெடிப்பையும் தனியாக வெட்டினால் இருபது முப்பது ‘டிக்’ கிடைக்கும், ஒன்றைப்போல் ஒன்று இராது. மெஷின் ஹைஹெட்டின் விறைப்பைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை. குளிர்சாதனப்பெட்டியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பதிந்து முடிந்ததும் குளிர்சாதனப்பெட்டியை மறக்காமல் போடுங்கள்.

போன் போதுமா, ரெக்கோடர் வாங்கவேண்டுமா?

குறுகிய அக்சென்டுக்குப் போன் போதும். ஆனால் மூன்று விடயம் சரியாக இருக்கவேண்டும். செயலியின் அமைப்பில் வேவ் அல்லது லாஸ்லெஸ் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு இரண்டையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடி விழுந்தவுடன் போன் ஒலியளவைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றும். மணியின் வால் வீங்கி வருவதுபோல் கேட்பதற்கு அதுதான் காரணம். மூன்றாவது, பதிந்த கோப்பை வாட்ஸ்அப்பில் ஒலிச்செய்தியாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் மேல் அலைவரிசைகள் வழியிலேயே போய்விடும்.

ரெக்கோடர் இருந்தால் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். உலோக அடி மீட்டரில் தெரிவதைவிட வேகமாகப் பாய்ந்து கிளிப் ஆகும். ஒலியை ஒரு ஒக்டேவ் இறக்குவதாக இருந்தால் 96 கிலோஹேர்ட்ஸில் பதிவது நல்லது. 48இல் பதிந்த கோப்பில் 24 கிலோஹேர்ட்ஸ்வரைதான் இருக்கும். ஒரு ஒக்டேவ் இறக்கியதும் அது 12 ஆகி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். மைக்கும் அந்த உயரத்தைப் பிடிக்கக்கூடியதாக இருந்தால்தான் 96இல் பதிவதற்குப் பொருள் உண்டு.

கடற்கரையில் ஸ்பொஞ்ச் மூடி போதாது, நீள மயிர் உள்ள உறை வேண்டும். அது இல்லாதபோது காற்றுக்கு முதுகைக் காட்டி, உடம்பின் மறைவில் மைக்கைப் பிடியுங்கள். ஏசி அறையிலிருந்து கொண்டுவந்த மைக்கை உடனே வெளியே எடுத்தால் ஈரம் படிந்து பொரிவதுபோல் சத்தம் வரும். பைக்குள்ளேயே 20 நிமிடம் கிடக்கட்டும். விடியலிலும் மாலையிலும் காகங்கள் எந்தப் பதிவுக்குள்ளும் நுழையும். ஒரே ஒலியைப் பல தடவை பதிந்து வைப்பதுதான் மருந்து.

பைசோ தகட்டில் மைக் செய்தேன். தகரடப்பாபோல் கேட்கிறது. ஏன்?

27 மில்லிமீற்றர் பைசோ தகட்டை (அதிர்வை மின்சாரமாக்கும் வட்டத் தகடு) சாதாரண மைக் உள்ளீட்டில் கொடுத்திருப்பீர்கள். பைசோவுக்கு 1 மெகாஓம் அளவு உள்ளீடு வேண்டும். குறைந்தால் கீழ் அலைவரிசைகள் அடிபட்டுப் போகும். இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். 50 ஹேர்ட்ஸ் ஹம் கேட்டால் ஷீல்ட் உள்ள வயர் போடவில்லை என்று பொருள்; நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150இலும் கேட்கும். சோல்டரிங் கம்பியை நடுவட்டத்தில் இரண்டு செக்கனுக்கு மேல் வைக்கவேண்டாம், சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுவிடும்.

பதிந்ததை அக்சென்டாக மாற்றும் வேலை என்ன?

வெட்டு, மெலிவு, வால். அடி தொடங்கும் புள்ளிவரை நெருக்கி வெட்டி, முன்னால் 2 மில்லிசெக்கன் ஃபேட் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘டப்’ என்ற கிளிக் சேரும். அடிக்கு முன்னால் 20 மில்லிசெக்கன் வெற்றிடம் இருந்தாலும் ஒலி தாமதித்து விழுவதாகத் தெரியும். புதியவர்களின் அக்சென்ட் ‘ஒட்டாமல்’ கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த வெற்றிடம்தான். பிறகு 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், ‘தோம்’ என்றால் மட்டும் 80 வரை இறங்கலாம். வீதியின் உறுமல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வாலின் நீளத்தை அடுத்த கிக் தீர்மானிக்கட்டும்: 120 பிபிஎம்மில் பதினாறில் ஒரு பங்கு 125 மில்லிசெக்கன், எட்டில் ஒன்று 250.

முன்னே இழுத்துச் செல்லும் ஒலி வேண்டுமானால்: அடியைத் தலைகீழாக்கி, 3 செக்கன் ரிவர்ப்பை (அறை எதிரொலி) முழுவதும் ஈரமாக, அதாவது மூல ஒலி கலக்காமல் போட்டு, அதைப் புதிய கோப்பாக எழுதி, அந்தக் கோப்பை மறுபடி தலைகீழாக்குங்கள். ரிவர்ப் ஏறிக்கொண்டே வரும், அது முடியும் இடத்தில் மூல அடியை வையுங்கள்.

மணி ஒலி போட்டால் பாட்டோடு சண்டை பிடிக்கிறது. சுருதி சரிதானே?

சரியாக இருந்தும் சண்டை பிடிக்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் போன்ற தேவாலயங்களில் கேட்கிற, மேற்கத்திய முறையில் வார்த்த மணிக்குள் அடிப்படைச் சுருதிக்கு மேலே ஒரு மைனர் மூன்றாம் சுரம் சேர்ந்தே ஒலிக்கும், நம் கணக்கில் சாதாரண காந்தாரம். பாட்டு சங்கராபரணத்தில், அதாவது மேஜரில், அந்தர காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒரு செமிடோன் தூரத்தில் மோதும். ஈக்யூவால் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இதைத் தீர்ப்பது கடினம்.

மணியை ஸட்ஜத்தில் வைக்காமல் ரி, க, அல்லது த சுரத்துக்கு மாற்றுங்கள். ரி-யில் வைத்தால் அந்த மூன்றாம் சுரம் மத்திமத்தில் விழும். க-வில் வைத்தால் பஞ்சமத்தில். த-வில் வைத்தால் மேல் ஸட்ஜத்தில். எல்லாம் ராகத்துக்குள்ளேயே இருக்கும். பாட்டு மைனரில் என்றால் ஸட்ஜத்திலேயே வைக்கலாம், மணி தானாகப் பொருந்தும்.

எந்த ஸ்டெப்பில் வைப்பது?

வாய் காட்டிய இடம் முதல் தெரிவு. அது கிடைக்காதபோது ஆதி தாளத்தைக் கேளுங்கள். எட்டு அட்சரத்தை இரண்டு பாரில், 32 ஸ்டெப்பாக விரித்தால் தட்டு 1, 17, 25இல் விழும். வீச்சு 21, 29இல். தட்டு விழும் இடங்களில் கிக் ஏற்கனவே இருக்கும். வீச்சு இடங்களில் கிக் இல்லாத லூப் என்றால் அவை ஏற்ற இடங்கள். அங்கே வைக்கிற சின்ன ‘டிங்’ காற்றில் வீசும் கையைப்போல் லேசாக இருக்கும். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், போடத் தோன்றினால் அரை இடம் தள்ளி 3ஆம் ஸ்டெப்பில் போட்டுப் பாருங்கள், எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) மாறிய பாட்டுப்போல் ஒரு துள்ளல் வரும்.

நீண்ட நேரம் சலிக்காமல் ஓடவேண்டுமானால் கண்டக் கணக்கு, அதாவது ஐந்தைந்தாக எண்ணுவது. 5 ஸ்டெப்புக்கு ஒருமுறை அடிக்கும் ஒலியை 16 ஸ்டெப் பாரின்மேல் ஓடவிட்டால், இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 80 ஸ்டெப், அதாவது 5 பார் எடுக்கும். பகுதி முடிவுக்குத் தீர்மானம்போல் (மூன்று முறை சொல்லி முடிக்கும் தாள முடிவு) மூன்று அடி: 7, 12, பிறகு அடுத்த பாரின் 1. நடுவில் இரண்டு தடவையும் 5 ஸ்டெப் இடைவெளி. இதைக் கணக்குத் தெரியாதவரும் உடம்பால் உணர்வார்.

எட்டு பாருக்குள் இரண்டு விதமான அக்சென்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்தால் எதுவுமே அக்சென்டாக இராது.

ஹெட்ஃபோனில் அருமை, ஓட்டோ ஸ்பீக்கரில் காணவில்லை.

பெரும்பாலும் அகலப்படுத்தும் தந்திரத்தால். ஒரு பக்கத்தை 10 மில்லிசெக்கன் தாமதித்து அகலமாக்கியிருந்தால், இரண்டு பக்கமும் ஒரே ஸ்பீக்கரில் சேரும்போது 50, 150, 250 ஹேர்ட்ஸ் என்று 100க்கு ஒன்றாக ஒலி ஓட்டை விழும். அக்சென்டை ஒற்றை ஒலியாக வைத்து ஒரு பக்கம் 30 வீதம் நகர்த்துங்கள், அகலம் ரிவர்ப்பிலிருந்து வரட்டும். ‘தோம்’ மட்டும் தொலைகிறது என்றால், சின்ன ஸ்பீக்கர் கீழ் ஒலியைத் தருவதில்லை. கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைப்பது) சேர்த்தால் 700 முதல் 2,000 ஹேர்ட்ஸ்வரை அதன் மடங்குகள் பிறந்து, சின்ன ஸ்பீக்கரிலும் காது அடையாளம் காணும்.

பாட்டுக் குரல் இருக்கும் இடத்தில் 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸுக்குள் முட்டாமல் பாருங்கள். குரலின் சொல் தெளிவு அங்கேதான் இருக்கிறது. வரிக்கு இடையிலான மூச்சு இடைவெளிக்கு அக்சென்டை நகர்த்துவது ஈக்யூவைவிட நல்ல தீர்வு.

கோவில் மணி, சங்கு, பறை இவற்றை எடுக்கலாமா?

எடுக்கலாம், எங்கே ஒலிக்கும் பொருள் என்று தெரிந்து எடுக்கவேண்டும். சங்கும் சேமக்கலமும் சேர்ந்து வந்தால் எங்கள் ஆட்கள் பலருக்குச் செத்த வீடுதான் நினைவில் வரும். அதை ஆடவைக்கும் பாட்டின் உச்சத்தில் போட்டால் கேட்பவர் உடம்பு கூசும். பூசை நேரத்தில் மைக்கோடு உள்ளே போகவேண்டாம். வீட்டுக் கைமணியைப் பதியலாம், அல்லது கோவில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுப் பூசையில்லாத நேரத்தில் போகலாம். துறைமுகம், படைமுகாம் பக்கங்களில் ரெக்கோடரை நீட்டவே வேண்டாம்.

பழைய பாட்டில் ஒரு செக்கன் வெட்டிப் போட்டால் பிரச்சினையா?

ஆம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டையும் பாதுகாக்கிறது, அந்த ஒலிப்பதிவையும் தனியாகப் பாதுகாக்கிறது. ‘இத்தனை செக்கன்வரை இலவசம்’ என்பது வெறும் கதை. ஃபிரீசவுண்ட் தளத்தில் எடுப்பதாக இருந்தால் சிசி0 என்று குறித்தவை எதற்கும் பயன்படும். ‘வணிகமற்ற’ என்று குறித்ததைப் பணம் வரும் பாட்டில் போடமுடியாது. தெருவில் பாண் விற்று வரும் சூன் பாண் ஓட்டோவின் மெட்டு பீத்தோவனுடையது, அதற்கு இப்போது உரிமையாளர் இல்லை. ஆனாலும் மெட்டை விட்டு, அந்தச் சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும் ஒரே ஒரு சுரத்தை எடுப்பது இசைக்கும் நல்லது.

பதிவே செய்யாமல் சிந்தசைசரில் இப்படிப்பட்ட ஒலி செய்யமுடியுமா?

முடியும். உலோக ‘டிங்’: எஃப்எம் சிந்தில் கேரியர் (காதில் கேட்கும் அலை) விகிதம் 1, மொடுலேட்டர் (அதை அசைக்கும் அலை) 3.5, மொடுலேட்டரின் டிகே (தேயும் நேரம்) 80 மில்லிசெக்கன், கேரியரின் டிகே 300. விகிதம் முழு எண்ணாக இருந்தால் உலோகம் போய்ப் பியானோபோல் இனிமையாகிவிடும். உடுக்கின் ‘தோம்’: சைன் அலையை 300 ஹேர்ட்ஸிலிருந்து 180க்கு 90 மில்லிசெக்கனில் இறக்கி, உடனே 240க்கு ஏற்றுங்கள், தொடக்கத்தில் 10 மில்லிசெக்கன் இரைச்சல் சேர்த்தால் தோலில் விரல் பட்டதுபோல் இருக்கும்.

பதிவுகள் குவிந்துவிட்டன. தேடினால் கிடைப்பதில்லை.

கோப்புக்கு இடத்தின் பெயரை மட்டும் வைத்தால் ஆறு மாதத்தில் ஒன்றும் விளங்காது. வாய்ச்சொல், பொருள், சுருதி, இடம் என்ற வரிசையில் பெயரிடுங்கள்: ‘தோம்_பிரேக்டிரம்_எஃப்ஷார்ப்_பஞ்சிகாவத்தை’. வாய்ச்சொல் முதலில் வந்தால், லூப்பின்மேல் வாய் ‘தோம்’ என்ற அந்த நிமிடமே வேண்டிய எல்லாத் தோமும் ஒரே வரிசையில் நிற்கும். வெட்டாத மூலப் பதிவைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். இன்று குப்பை என்று நினைத்த ஷட்டரின் நடுப்பகுதி அடுத்த பாட்டுக்குத் தேவைப்படலாம்.